தைப்பூசக் கேள்விக்கு விடை செந்தூல் கிளினிக்கில்

தை பிறப்பதற்கு முன்பே கோலாலம்பூரின் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பகுதிக் கிளினிக்குகளுக்கு ஒரு கேள்வி வந்து சேர்ந்துவிடும். "டாக்டர், இந்த வருடமும் விரதம். ஒரு வேளைதான் சாப்பாடு. இனிப்பு நீர் மாத்திரையை எப்போது போடுவது?" கேட்கிறவருக்குப் பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டியிருக்கும். ரத்தக் கொதிப்புக்கும் கொழுப்புக்கும் தனித்தனி மாத்திரைகள் இருக்கும். பூச நாளன்று அவர் பத்துமலையின் 272 படிகளை வெறுங்காலோடு ஏறுவார். சிலர் ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோவிலிலிருந்து வெள்ளி ரதத்தின் பின்னே விடிய விடிய ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடந்து, அதன் பிறகு படியேறுவார்கள்.

டாக்டர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கிளிக்லசைடு போன்ற மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். வெறும் வயிற்றில் போட்டால் சர்க்கரை மடமடவென்று இறங்கி மயக்கம் வரலாம். மெட்ஃபார்மினைத் தனியாக எடுப்பவருக்கு அந்த ஆபத்து குறைவு. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் நாற்பத்தெட்டு நாள் ஒரு வேளை உணவோடு இருக்கும் பெண்ணுக்கு மாத்திரையைப் பாதியாக்குவதா, நேரத்தை மட்டும் மாற்றுவதா? பாதம் மரத்துப்போனவரை வெறுங்காலோடு நடக்கவிடலாமா? போன வருடம் நடந்தவர்களில் எத்தனை பேர் காலில் புண்ணோடு திரும்பி வந்தார்கள்? இவற்றுக்கு டாக்டர் தன் அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறார். மீதியை, நோன்பிருக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கான ரமலான் வழிகாட்டியிலிருந்து கடன் வாங்கிக்கொள்கிறார்.

அந்த ரமலான் வழிகாட்டி எப்படி வந்தது என்று பார்த்தால் இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் புரிந்துவிடும். 2001இல் மலேசியா உட்பட 13 நாடுகளில், 12,000க்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளிடம் மருத்துவர்கள் விவரம் திரட்டினார்கள். நோன்பு மாதத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது மற்ற மாதங்களைவிடப் பல மடங்கு கூடுகிறது என்பதை எண்ணிக்கையோடு காட்டியது அந்த முயற்சி. அதற்குப் பின் ஆய்வுகள் தொடர்ந்தன. 2016இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு விரிவான வழிகாட்டியை வெளியிட்டது. தைப்பூச விரதத்துக்கு அந்த அளவில் திரட்டிய சான்று கிடையாது. ரமலான் கணக்கை அப்படியே எடுத்து ஒட்டவும் முடியாது: அங்கே பகல் முழுவதும் தண்ணீரும் இல்லை, ஆனால் இரவில் இரண்டு வேளை உணவு உண்டு, இங்கே தண்ணீரும் பாலும் பழமும் உண்டு, சாப்பாடு ஒரு வேளைதான், அதுவும் வாரக்கணக்கில்.

நம் விரதத்துக்கான விடையை எந்தப் பெரிய மருத்துவமனையிலும் தேட முடியாது. விரதம் இருப்பவர் நோயாளியாக அங்கே போய்ப் படுப்பதில்லை. அவர் வந்து உட்காருவது தெருமுனைக் கிளினிக்கில், இருபது வருடமாகப் பழகிய டாக்டர் முன்னால். அந்த டாக்டர் ஆராய்ச்சியில் பங்கெடுத்தாலொழிய அந்தக் கேள்விக்கு விடை வராது. குடும்ப மருத்துவர்களை ஆராய்ச்சிக்கு அழைக்க வேண்டும் என்று நான் எழுதுவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆயிரத்தில் ஒருவர்

1961இல் கெர் வைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சகாக்கள் இருவரும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஆயிரம் பெரியவர்களை ஒரு மாதம் கவனித்தால், 750 பேருக்கு ஏதாவது ஓர் உபாதை வருகிறது. அவர்களில் 250 பேர் டாக்டரைப் பார்க்கிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போகிறவர் ஒருவர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2001இல் அதே கணக்கை மறுபடி போட்டபோதும் படம் பெரிதாக மாறியிருக்கவில்லை.

மருத்துவ மாணவர் படிப்பது பெரும்பாலும் அந்த ஒருவரை வைத்து. ஆராய்ச்சி நடப்பதும் பெரும்பாலும் அந்த ஒருவரையும் அவரோடு படுத்திருக்கும் எட்டுப் பேரையும் வைத்து. மீதி 241 பேரைப் பார்க்கிற டாக்டரிடம், வேறிடத்தில் விளைந்த அறிவைக் கொடுத்து, "இதை வைத்துச் சமாளி" என்கிறோம்.

இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். நோய் எங்கே இருந்தாலும் நோய்தானே? ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஒரு சோதனை இருக்கிறது. நோய் உள்ளவர் நூறு பேரில் 90 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும், நோய் இல்லாதவர் நூறு பேரில் 10 பேரைத் தவறாக நோயாளி என்று காட்டும். பெரிய மருத்துவமனையின் சிறப்புப் பிரிவுக்கு வரும் 1000 பேரில் 500 பேருக்கு அந்த நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சோதனை 450 பேரைச் சரியாகப் பிடிக்கும், 50 பேரை வீணாகப் பயமுறுத்தும். நல்ல சோதனை என்று பெயர் வாங்கிவிடும். அதையே தெருமுனைக் கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள். அங்கே வரும் 1000 பேரில் 20 பேருக்குத்தான் நோய். சோதனை 18 பேரைச் சரியாகப் பிடிக்கும். 98 பேரைத் தவறாக நோயாளி ஆக்கும். கருவியும் அதேதான், துல்லியமும் அதேதான். ஆட்கள் மாறியதும் அது சொல்லும் செய்தியின் பொருள் மாறிவிட்டது. கிளினிக்கில் எந்தச் சோதனை உதவும் என்பதைக் கிளினிக்கில் வைத்துப் பார்க்காமல் சொல்லவே முடியாது என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் எனக்குத் தெரியாது.

மருந்துச் சோதனைகளில் இன்னொரு சிக்கல். சிறுநீரகம் பழுதுபட்டவர், முதியவர், ஏழெட்டு மாத்திரை சாப்பிடுகிறவர் ஆகியோரைப் பல சோதனைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. முடிவு குழம்பக்கூடாது என்பது காரணம். ஆனால் செந்தூலில் காலை ஒன்பது மணிக்கு டோக்கன் எடுத்துக் காத்திருக்கும் பாட்டிக்கு இந்த மூன்றும் உண்டு. அவருக்குக் கொடுக்கப்படும் மருந்து அவரைப் போன்றவர்களைத் தவிர்த்துவிட்டுச் சோதிக்கப்பட்ட மருந்து.

மலேசியத் தமிழர்களுக்கு இந்தக் கவலை மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, எல்லா இனங்களிலும் அதுவே உச்சம். மூவரில் ஒருவர் என்ற நிலையை நெருங்கிவிட்டோம். மக்கள் தொகையிலோ இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். 500 பேரைக் கொண்டு நாடு முழுவதற்குமாக ஒரு மருந்துச் சோதனை நடந்தால், விகிதப்படி அதில் இந்தியர் 35 பேர் இருப்பார்கள். அவர்களிலும் பாதிப் பேர்தான் புது மருந்து பெறுவார்கள். பதினேழு, பதினெட்டுப் பேரை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நோய் எங்களிடம் அதிகம். நோயைப் பற்றிய அறிவில் எங்கள் பங்கு சிறுபிடி. நம்மவர்கள் திரளாக வரும் கிளினிக்குகள் ஆய்வில் இணைந்தால் மட்டுமே இந்தக் கணக்கு மாறும்.

புழுங்கல் அரிசி சொன்ன பாடம்

இந்த ஊருக்கு இது புதிய கதையும் இல்லை. கோலாலம்பூரில் 1900இலேயே ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது, இன்றும் இயங்குகிறது. அந்தக் காலத்தில் மலாயாவை உலுக்கிய நோய் பெரிபெரி. கால்கள் மரத்து, வீங்கி, இதயம் செயலிழந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். தோட்டங்களில் இருந்த தமிழர்களை அது ஏனோ அதிகம் தொடவில்லை.

அந்த 'ஏனோ'வைக் கவனித்தவர் வில்லியம் லெனார்ட் பிராடன். நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்தவர். அவரிடம் ஆய்வுக்கூடம் இல்லை. அன்றாடம் நோயாளிகளைப் பார்த்துவந்த மனிதர். சீனர்கள் இறக்குமதியான, ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியைச் சாப்பிடுகிறார்கள். மலாய்க்காரர்கள் தாங்களே குற்றிய புது அரிசியைச் சாப்பிடுகிறார்கள். தமிழர்கள் சாப்பிடுவது புழுங்கல் அரிசி. வேறுபாடு சோற்றில்தான் இருக்கிறது என்று அவர் வாதாடினார். 1907இல் தன் முடிவுகளைப் பெரிய நூலாகவே வெளியிட்டார். பழைய அரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் போட்ட காரணம் தவறு. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, தீட்டினாலும் போவதில்லை என்பது பின்னால் தெரியவந்தது. அந்த வைட்டமினே 1926இல்தான் ஜாவாவில் பிரித்தெடுக்கப்பட்டது. காரணம் தவறானாலும் கவனிப்பு சரியாக இருந்தது. நம் பாட்டிகள் ஊறவைத்து, அவித்து, காயவைத்த நெல்தான் ஒரு கொலைகார நோயின் முடிச்சை அவிழ்த்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அதே காலத்தில் கோலாலம்பூரில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர், மனநோயாளர் விடுதியில் இருந்தவர்களை வரிசையில் நிறுத்தி ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்காரர்கள் மறு பக்கம். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசி. வெள்ளை அரிசி சாப்பிட்ட பிரிவில் நோய் பரவிப் பலர் இறந்தார்கள். மறு பிரிவு தப்பித்தது. ஆட்களை இப்படிப் பிரித்து ஒப்பிடுவது இன்றைய மருந்துச் சோதனையின் அடிப்படை. அதை நம் ஊரில் 1905, 1906 வாக்கிலேயே செய்துவிட்டார்கள்.

ஆனால் அந்த விடுதியில் இருந்த யாரையும் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் சொல்லும் நிலையில் பலர் இல்லை. உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சின்கிப் பிரகடனம் 1964இல்தான் வந்தது. இன்று மலேசியாவில் சுகாதார அமைச்சின் நிலையங்களில் நடக்கும் ஆய்வுகள் தேசியப் பதிவேட்டில் பதியப்பட்டு, நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்ற பிறகே தொடங்கலாம். மருந்துச் சோதனையில் ஈடுபடும் டாக்டர் அதற்கான நல்நடைமுறைப் பயிற்சிச் சான்று வைத்திருக்க வேண்டும். இந்தக் கெடுபிடிகளைக் கண்டு அலுத்துக்கொள்ளும் டாக்டர்களை எனக்குத் தெரியும். அந்த விடுதியின் சாப்பாட்டு வரிசையை நினைத்துப் பார்த்தால் அலுப்பு குறையும் என்று அவர்களுக்குச் சொல்வேன்.

சாதாரண டாக்டர்கள் ஒன்றுசேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு பிரிட்டனில் இரண்டு நல்ல சான்றுகள் உண்டு. 1968இல் 1,400 குடும்ப மருத்துவர்கள் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்களையும் சாப்பிடாத பெண்களையும் பதிவு செய்யத் தொடங்கினார்கள். மொத்தம் 46,000 பேர். ஒவ்வொரு டாக்டரும் தன் கிளினிக்கில் சில பத்துப் பெண்களைக் கவனித்தால் போதுமானதாக இருந்தது. மாத்திரையின் ஆபத்தையும் பயனையும் பல பத்தாண்டுகளுக்கு உலகம் இந்தக் கணக்கிலிருந்துதான் தெரிந்துகொண்டது. அடுத்தது ரத்த அழுத்தம். இலேசான அழுத்தத்துக்கு மாத்திரை தேவையா என்ற கேள்விக்கு 176 கிளினிக்குகளில் 17,354 பேரை வைத்து விடை தேடி, 1985இல் வெளியிட்டார்கள். 850 பேர் ஓர் ஆண்டு மாத்திரை சாப்பிட்டால் ஒருவருடைய பக்கவாதம் தடுக்கப்படும் என்று வந்தது. இப்படிப்பட்ட நேர்மையான எண் மருத்துவமனைக்குள் கிடைத்திருக்காது. அங்கே இலேசான அழுத்தக்காரர் யாரும் படுத்திருப்பதில்லை.

கோவிட் காலத்தில் இந்த வேறுபாட்டை நாமே பார்த்தோம். ஐவர்மெக்டின் கேட்டு மக்கள் கிளினிக் கிளினிக்காக அலைந்தபோது, மலேசிய மருத்துவர்கள் 2021இல் 490 நோயாளிகளை வைத்து முறையாகச் சோதித்தார்கள். அந்த மருந்து நோய் முற்றுவதைத் தடுக்கவில்லை என்று 2022இல் உலகத்துக்கே சொன்னார்கள். எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் அந்த ஆய்வு நடந்தது 20 அரசாங்க மருத்துவமனைகளிலும் ஒரு தனிமைப்படுத்தல் மையத்திலும். பிரிட்டனில் அதே சமயத்தில் குடும்ப மருத்துவ வலையமைப்பு வழியே, வீட்டிலிருந்தபடியே நோயாளிகள் சேர்ந்தார்கள். மோல்னுபிரவிர் மாத்திரைச் சோதனையில் மட்டும் 25,000க்கும் அதிகமானோர் இருந்தார்கள். அந்த வேகம் நெருக்கடி வந்த பிறகு முளைத்ததில்லை. அங்கே குடும்ப மருத்துவர்கள் காய்ச்சல் கணக்கை வாராவாரம் அனுப்பும் பழக்கத்தைப் பல பத்தாண்டுகளாக வளர்த்து வைத்திருந்தார்கள்.

ஏன் வருவதில்லை

நம் டாக்டர்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் அதை ஏற்கவில்லை. ஒரு தனியார் கிளினிக்கின் நாளை அருகிலிருந்து பார்த்தவர் யாரும் ஏற்க மாட்டார்கள்.

காலையில் திறந்து இரவு ஒன்பது, பத்து வரை ஓடும் கிளினிக்கில் பெரும்பாலும் ஒரே டாக்டர். அவரே மருந்து எழுதுவார். மருந்து கொடுப்பதும் அதே கிளினிக்கின் முகப்புதான். 2006ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆலோசனைக் கட்டணத்தை 10 முதல் 35 ரிங்கிட் என்று வரையறுத்தன. வெகுகாலம் அது அசையவில்லை. வாடகையும் ஆட்சம்பளமும் ஏறிக்கொண்டே போனபோது, டாக்டர் செய்யக்கூடியது ஒன்றுதான்: இன்னும் அதிகம் பேரை, இன்னும் வேகமாகப் பார்ப்பது. ஆய்வில் ஒருவரைச் சேர்க்க, விவரத்தாளை விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, கையெழுத்து வாங்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியில் அவர் நாலைந்து நோயாளிகளைப் பார்த்திருப்பார். வெளியே காத்திருப்பவர்கள் எழுந்து அடுத்த கடைக்குப் போயிருப்பார்கள். இதற்கு ஈடு யார் கொடுப்பது?

இடம் இன்னொரு தொல்லை. மூன்று அறைக் கடைவீட்டில் ரத்த மாதிரியை வைக்கும் குளிர்பெட்டியை எங்கே வைப்பது, ஆய்வுப் படிவங்களை எந்த அலமாரியில் பூட்டுவது? சில கிளினிக்குகளில் இன்னமும் அட்டையில்தான் எழுதுகிறார்கள். கணினி வைத்திருப்பவர்களும் ஆளுக்கொரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். ஒன்றின் விவரம் மற்றொன்றில் ஏறாது. நோயாளிகளும் நிலையாக இருப்பதில்லை. முதலாளி தன் தொழிலாளர்களுக்கென்று ஏற்பாடு செய்திருக்கும் பேனல் கிளினிக்கை மாற்றினால் தொழிலாளியும் மாறிவிடுவார். இந்த வாரம் இங்கே இருமலுக்கு வந்தவர், அடுத்த வாரம் எம்சி எனப்படும் மருத்துவ விடுப்புச் சான்றுக்காக வேறிடம் போவார். ஓராண்டு தொடர்ந்து பார்க்க வேண்டிய ஆய்வு இதில் எப்படி நிற்கும்? அரசாங்க கிளினிக்குகளில் நோயாளிகள் ஓரளவு நிலையானவர்கள். ஆனால் அங்கே வரிசையின் நீளத்தைப் பற்றி வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான ஒரு தடை இருப்பதாக நான் நினைக்கிறேன். ஆராய்ச்சி என்றாலே பல்கலைக்கழகத்தார் ஒரு பெட்டி நிறையப் படிவங்களோடு வந்து, "உங்கள் நோயாளிகளைக் கொடுங்கள்" என்று கேட்பதாகத்தான் பல டாக்டர்களின் அனுபவம் இருக்கிறது. கேள்வி அவர்களுடையது. கட்டுரையில் பெயரும் அவர்களுடையது. முடிவு என்ன ஆயிற்று என்று கடிதம் கூட வருவதில்லை. ஒரு தடவை இப்படி நடந்தால் அடுத்த தடவை அவர் கதவைத் திறக்க மாட்டார். நானாக இருந்தாலும் திறக்க மாட்டேன்.

பணமும் சம்மதமும்

ஈடு கொடுத்தே ஆக வேண்டும். டாக்டரின் நேரத்துக்கும் கிளினிக் ஊழியரின் நேரத்துக்கும் ஆய்வின் நிதியில் தனித் தொகை இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சேவை மனப்பான்மையை நம்பி வாடகை கட்ட முடியாது. ஆனால் சேர்க்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் இவ்வளவு ரிங்கிட் என்று மருந்து நிறுவனம் கொடுக்கத் தொடங்கினால், டாக்டரின் அறிவுரையில் ஒரு கறை விழும். செய்த வேலைக்கான கூலி ஒன்று. ஆள் பிடித்ததற்கான பரிசு வேறு. தொகையை நெறிமுறைக் குழு முன்கூட்டியே பார்ப்பதும், நோயாளிக்கே அதைச் சொல்வதும் இந்தக் கோட்டைக் காப்பாற்றும்.

சம்மதத்தில் நம் சமூகத்துக்கே உரிய ஒரு நெருடல் உண்டு. பழகிய குடும்ப டாக்டரிடம் நம் பெரியவர்கள் 'மாட்டேன்' என்று சொல்ல மாட்டார்கள். "டாக்டர் சொன்னால் சரிதான், எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்பார்கள். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் கொடுத்த கலவை மருந்தை என்ன என்று கேட்காமல் குடித்துப் பழகிய தலைமுறை அது. அந்த நம்பிக்கை டாக்டருக்குப் பெரிய சொத்து. ஆய்வு என்று வரும்போது அதுவே பொறி ஆகலாம். ஆகவே சம்மதம் கேட்பவர் சிகிச்சை தரும் டாக்டராக இல்லாமல், ஆய்வுக்கென்று வந்த தாதியாக இருப்பது நல்லது. தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டு வரச் சொல்ல வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான மருத்துவத்துக்கு ஒரு குறையும் வராது என்பதை வாயால் சொல்ல வேண்டும்.

என் அம்மாவுக்கு நடந்தது நினைவுக்கு வருகிறது. நீரிழிவுக்காக ஒரு மருத்துவமனையில் காத்திருந்தபோது, ஓர் ஆய்வுக்காக ஆள் சேர்த்துக்கொண்டிருந்த இளம்பெண் அவரிடம் வந்தாள். படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை தினமும் வாசிப்பவர். அந்தப் பெண் மரியாதையாகவே மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்தவரிடம் போனாள். வீட்டுக்கு வந்த பிறகு அம்மா சொன்னார்: "எனக்குப் படிக்கத் தெரியாதென்று அவள் நினைத்துவிட்டாள்."

தமிழில் ஒரு விவரத்தாள் செய்வது பெரிய வித்தையில்லை. ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திருப்பிப் பெயர்த்துப் பார்க்க வேண்டும். நெறிமுறைக் குழு அந்தப் பதிப்பையும் அங்கீகரிக்க வேண்டும். எழுதப் படிக்கவே தெரியாதவரைக்கூட ஒரு நடுநிலைச் சாட்சியின் முன்னிலையில் சேர்க்க விதி இடம் தருகிறது. செலவும் சில வாரங்களும் ஆகும், அவ்வளவுதான். அதைச் செய்யாமல் விட்டால், மிக அதிகமாக நீரிழிவு உள்ள சமூகத்தின் மிக மூத்தவர்கள் ஆய்விலிருந்து தாமாகவே உதிர்ந்துபோவார்கள். ஆய்வின் முடிவில் அவர்கள் இல்லாததைக் காட்டும் அடிக்குறிப்புகூட இருக்காது.

எதைச் சொன்னால் வருவார்கள்

முதல் அடி சிறியதாக இருக்கட்டும். ஆராய்ச்சி என்றால் புது மருந்து, வெள்ளை அங்கி, உலக இதழ் என்ற படம் டாக்டரையே பயமுறுத்துகிறது. தன் கிளினிக்கில் நீரிழிவுள்ளவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஆண்டு கண் பரிசோதனை நடந்தது, எத்தனை பேரின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தோம் என்று ஐம்பது அட்டைகளைப் புரட்டி எண்ணுவதும் ஓர் ஆய்வின் தொடக்கம்தான். எண்ணியவுடன் அவருக்கே ஓர் அதிர்ச்சி வரும். ஆறு மாதம் கழித்து மறுபடி எண்ணிப் பார்க்கத் தோன்றும். எந்த மேடைப் பேச்சையும்விட அந்த ஐம்பது அட்டைகளுக்கு வலிமை உண்டு.

கிளினிக்குகள் தங்களைத் திறந்து காட்டினால் என்ன தெரியவரும் என்பதற்கு 2014இல் நடந்த தேசிய மருத்துவப் பராமரிப்பு ஆய்வு உதாரணம். அரசாங்க, தனியார் டாக்டர்கள் தாங்கள் பார்த்த நோயாளிகளின் விவரத்தைப் படிவத்தில் நிரப்பிக் கொடுத்தார்கள். தனியார் கிளினிக்குக்கு வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 31 பேருக்கு ஆன்டிபயாடிக் எழுதப்பட்டிருந்தது. அரசாங்க கிளினிக்குகளில் 7 பேருக்கும் குறைவு. தனியாரிடம் காய்ச்சல், சளிக்காரர்கள் அதிகம் போகிறார்கள் என்பது வித்தியாசத்தின் ஒரு பகுதி. மீதிப் பகுதியை டாக்டர்களே உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. அவர்கள் படிவத்தை நிரப்பியிராவிட்டால் பேசுவதற்கு எண்ணே இருந்திருக்காது.

சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் 10 அரசாங்க கிளினிக்குகளில் நீரிழிவுக்கு ஒரு சோதனை நடந்தது. சில கிளினிக்குகளில் டாக்டர், தாதி, மருந்தாளர் அடங்கிய குழு அமைத்து, நோயாளி தன் எண்களைத் தானே குறித்துக்கொள்ளக் கையேடு கொடுத்தார்கள். மற்றவற்றில் வழக்கம்போல் சிகிச்சை தொடர்ந்தது. ஓராண்டில் சர்க்கரை இலக்கை எட்டியவர்களின் பங்கு குழு அமைத்த கிளினிக்குகளில் கூடுதலாக உயர்ந்தது. எனக்கு இதில் பிடித்தது, புதுமருந்து எதுவும் இல்லாமல், இருக்கிற ஆட்களை வேறு விதமாக நிறுத்திப் பார்த்ததுதான். கிளினிக் நடத்துகிற ஒருவருக்குத் தோன்றக்கூடிய கேள்வி அது.

தனியார் கிளினிக்குகளும் தயாராக இல்லாமலில்லை. குறைந்த வருமானக்காரர்களுக்காக 2019இல் வந்த பெக்கா பி40 பரிசோதனைத் திட்டத்தில் அவை சேர்ந்தன. நோயாளியின் விவரங்களை இணையத்தில் ஏற்றிப் பணம் பெறப் பழகின. அந்தப் பழக்கம் இருக்கும்போது, ஆய்வுக்கும் அதே எளிமையில் ஒரு வழி செய்ய முடியும். நான் கேட்பது இவ்வளவுதான்: பத்துப் பதினைந்து கிளினிக்குகளுக்குப் பொதுவாக ஓர் ஆய்வுத் தாதி, கிழமைக்கு ஒரு கிளினிக்காகச் சுற்றி வருபவர். படிவம் ஒரே பக்கம். கேள்வியை முடிவு செய்யும் கூட்டத்தில் அந்த டாக்டர்களுக்கு நாற்காலி. கட்டுரையில் அவர்கள் பெயர். முடிவு தெரிந்ததும் அது முதலில் அவர்களுக்கு வர வேண்டும், அவர்கள் வழியாகத் தமிழில் நோயாளிகளுக்கும் வர வேண்டும். குடும்ப மருத்துவர்களுக்கு 1973 முதல் சொந்த அமைப்பு இருக்கிறது, 2006 முதல் சொந்த ஆய்விதழும் இருக்கிறது. மருந்துச் சோதனைகளுக்கு வழிசெய்யச் சுகாதார அமைச்சு 2012இலேயே தனி நிறுவனம் அமைத்திருக்கிறது. பாலத்தின் இரண்டு கரையும் கட்டியாகிவிட்டது. நடுவில் பலகை போட ஆள் வேண்டும்.

தைப்பூசக் கேள்வியையே முதல் பலகையாக எடுத்துக்கொள்ளலாம். செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், பத்துமலைப் பக்கத்துக் கிளினிக்குகள் சில சேர்ந்தால் போதும். விரதம் தொடங்குமுன் வருகிறவரிடம் எத்தனை நாள், எத்தனை வேளை, என்ன மாத்திரை, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று குறிக்க வேண்டும். விரத நாட்களில் தலைசுற்றல் வந்ததா, சர்க்கரை எவ்வளவு இறங்கியது என்று அவரே எழுதிக்கொள்ள ஒரு சிறிய தமிழ் அட்டை. பூசம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் பாதத்தை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். யாரையும் விரதம் இருக்காதே என்று சொல்லத் தேவையில்லை. மருந்தையும் மாற்றத் தேவையில்லை. கவனித்து எண்ணினால் போதும்.

பல வருடங்களாக எங்கள் குடும்பத்தைப் பார்க்கிற டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் ரத்த அழுத்தக் கருவியைச் சுருட்டி வைத்தபடி, நெறிமுறை அனுமதிக்கு எத்தனை மாதம் ஆகும் என்றுதான் முதலில் கேட்டார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். தமிழ்த் தாள் தயாராக வேண்டும், குழு பார்த்துத் திருத்தம் கேட்கும், கிளினிக் ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும். விரதக்காரர்கள் கார்த்திகை கடைசியிலேயே மாலை போடத் தொடங்கிவிடுவார்கள். அடுத்த தைக்கு எண்ண வேண்டுமானால், விண்ணப்பம் ஆனிக்குள் போய்ச் சேர வேண்டும்.